சாலையும் நாற்சந்தியும்

ஒரு நகரின் உயர்வை அதன் மாளிகைகளால் அளப்பாரும் உளர். அதன் வாணிகத்தால் அளப்பாரும் உளர். யாமோ அதன் தெருக்களைக் கொண்டு அளத்தல் தகும் என்போம். மாளிகையுள் புகுதற்குச் சிலர்க்கே உரிமையுண்டு. தெருவோ செல்வர்க்கும் வறியர்க்கும், இளையர்க்கும் முதியர்க்கும், கண்ணுடையார்க்கும் கண்ணிலார்க்கும் பொதுவாயது. எல்லார்க்கும் பொதுவாய ஒன்றை ஓர் ஊர் எவ்வாறு பேணுகின்றது என்பதனால் அவ்வூராரின் உள்ளம் புலனாகும். ஆகலின், நம் சென்னை மாநகரில் சாலைகளையும் சந்திகளையும் நடைபாதைகளையும் திருத்துதற்கு மேற்கொள்ளப்பெற்ற பணிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை யாவர்க்கு எத்துணைப் பயன்பட்டன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வழியும் வழிநடப்போரும்

தமிழில் வழியைக் குறிக்கும் சொற்கள் பல. ஆறு, நெறி, அதர், தடம், சாலை, தெரு, வீதி, மறுகு என்பன அவற்றுட் சில. வழிகள் கூடும் இடங்களும் சந்தி, முச்சந்தி, நாற்சந்தி, சதுக்கம் எனப் பெயர் பெற்றன. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையின.  அவற்றுள் வழி கேட்போர் பெரும்பாலும் நடந்து செல்லும் பாணரும் பொருநரும் கூத்தருமே. மலைபடுகடாத்தில் வழுக்கும் பாறையும், பாம்பு உறையும் இடமும், புனங்காப்போர் எறியும் கவண்கல்லும் முன்னரே எடுத்துக் கூறப்படுகின்றன. வழியிலுள்ள இடர் யாது என்பதை நடப்பவன் நிலையினின்று நோக்கி உரைத்தலே அப்புலவர்தம் முறை.

இக்காலத்தே நாம் மறந்தது இம்முறையையே ஆகும். சாலை திருத்தம் என்றவுடன், வண்டி எத்துணை விரைவாய்ச் செல்லும் என்னும் வினாவே முதலில் எழுகின்றது. பள்ளிச் சிறுமி ஒருத்தி இச்சாலையைக் கடக்க இயலுமா என்னும் வினா, எழுந்தாலும் கடைசியிலேயே எழுகின்றது. இவ்விரண்டாம் வினாவை முதல் வினாவாக்குதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

சந்தியின் இயல்பு

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கமொன்றில் பூதம் ஒன்று காவல் நின்றதாகவும், அது தீயோரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்து உண்டதாகவும் இளங்கோவடிகள் கூறுவர். நாற்சந்தி இடர் மிக்க இடம், அதற்குக் காவல் வேண்டும் என்னும் எண்ணம் பழமையானது என்று இதனாற் கொள்ளலாம். இன்றைய நாற்சந்திக்குக் காவலாவது அதன் அமைப்பே.

நான்கு சாலைகள் கூடும் எளிய சந்தி ஒன்றில், வண்டியும் வண்டியும் மோதுதற்கு இடமாகும் புள்ளிகள் 32 எனப் பொறியாளர் கணக்கிடுவர். ஒன்றையொன்று குறுக்கிடும் புள்ளிகள் 16. ஒன்றோடொன்று சேரும் புள்ளிகள் 8. பிரியும் புள்ளிகள் 8. மூன்று சாலைகள் கூடும் முச்சந்தியில் இவை 9 ஆகக் குறையும். நாற்சந்தியையே ஒற்றைத் தடமுள்ள ரவுண்டானாவாக அமைத்தால், எல்லா வண்டிகளும் ஒரே திசையில் சுற்றிச் செல்லுதலால், குறுக்கிடும் புள்ளிகள் அறவே நீங்கி 8 புள்ளிகளே எஞ்சும். காவலரும் அபராதமும் இன்றியே, வளைத்து வைத்த கல்வரிசை ஒன்று இத்துணை இடரைக் களைகின்றது.

விரைவின் இயல்பையும் ஈண்டு அறிதல் வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி, ஓட்டுநர் இடரைக் கண்டு ஒரு நொடியில் தடையை அழுத்துவாராயின், உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் விரைவாயின் ஏறத்தாழ 28 மீட்டர் வேண்டும். மோதும் ஆற்றலோ விரைவின் இருமடிக்கு ஏற்ப வளர்வதாதலின், 30க்கு 50 என்பது ஆற்றலில் ஏறத்தாழ 2.8 மடங்காகும். சந்தியின் முனையை அகன்ற வளைவாக அமைத்தால் வண்டிகள் விரைவு குறையாமல் திரும்பும். நடப்பவன் கடக்க வேண்டிய தொலைவும் மிகும். அம்முனையை ஒடுக்கினால் இரண்டும் குறையும்.

கடக்கும் காலமும் இத்தகையதே. சைகை விளக்குக்கு நேரம் குறிக்கும் பொறியாளர், நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் செல்வர் எனக் கொள்ளுதல் வழக்கம். 20 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க இக்கணக்கில் 17 நொடிகள் போதும். நொடிக்கு 0.8 மீட்டரே நடக்கவல்ல மூதாட்டிக்கோ 25 நொடிகள் வேண்டும். எஞ்சிய 8 நொடிகள் அவர் வண்டிகளின் முன் நிற்கும் நொடிகளாம். சாலை நடுவே நின்று இளைப்பாறத் திட்டு ஒன்று இருப்பின், ஒரு முறைக்கு 10 மீட்டர் கடந்தாற் போதும். இத்திட்டுக்கு ஆகும் செலவு மேம்பாலச் செலவின் முன் மிகச் சிறிது. அதனாற் காக்கப்படும் உயிரோ விலையற்றது.

சென்னை செய்த பணிகள்

சென்னையின் முதல் மேம்பாலம் 1973ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அண்ணா மேம்பாலம். ஜெமினி மேம்பாலம் என்றே மக்கள் இன்றும் வழங்குவர். 2008ஆம் ஆண்டில், கிண்டியை அடுத்த கத்திப்பாராவில் அடுக்கிலை வடிவிலமைந்த பெரிய மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பெற்றது. அண்ணா சாலையும், பூந்தமல்லி செல்லும் சாலையும், கோயம்பேடு நோக்கிச் செல்லும் உள்வட்டச் சாலையும் கூடும் அவ்விடத்தில், வண்டிகள் நில்லாமற் செல்ல வழி பிறந்தது. இவற்றின் பயனை யாம் மறுப்பேம் அல்லேம். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும், பலரைச் சுமந்து செல்லும் பேருந்துக்கும் அவை உதவுகின்றன. ஆயினும் மேம்பாலம் வண்டிகளின் இடரைத் தீர்க்குமேயன்றி நடப்பவர் இடரைத் தானே தீர்க்காது. கத்திப்பாராவில் மேம்பாலத்தின் கீழே கிடந்த நிலத்தைத் திருத்திப் பேருந்து நிற்கும் இடமும், அருகிலுள்ள ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தினின்று வருவோர் நடக்கும் வழியும் அமைத்தது 2021ஆம் ஆண்டிலேதான். மேலே செல்வோர்க்கு வழி பிறந்து 13 ஆண்டுகள் கழிந்த பின்னரே கீழே நடப்போர்க்கு வழி பிறந்தது.

இந்நிலை மாறுதற்கு ஓர் அடிப்படை 2014ஆம் ஆண்டில் இடப்பட்டது. அவ்வாண்டில் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பொருளில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போர்க்கும் மிதிவண்டி ஓட்டுவோர்க்கும் செலவிடுதல் வேண்டும் என வகுத்தது. அதன் வழியில் எழுந்த பணிகளுட் பலரும் அறிந்தது தியாகராய நகரத்துப் பாண்டி பஜார். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கே நடப்போர்க்கென அகன்ற வளாகம் திறக்கப்பெற்றது. வண்டித் தடம் ஒடுங்கியது, நடைபாதை அகன்றது, அமர்தற்கு இருக்கைகள் வந்தன.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில், மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை திறக்கப்பெற்றது. நெரிசல் மிக்க அவ்விடத்திற்கு இஃது ஏற்றதே. எனினும், எல்லாச் சாலைகளிலும் நடப்பவரையே மேலேற்றுதல் நெறியாகாது. முழங்கால் நோவுடையார் படியேறார்; அவர் கீழேயே கடக்க முயல்வர். பொறியால் இயங்கும் வண்டி சில நொடி நிற்றல் எளிதா, தள்ளாத உடல் பல படிகள் ஏறி இறங்குதல் எளிதா என்பதைக் கற்றோர் ஆராய்க.

மெரினாக் கடற்கரையும் ஒரு பாடம் கற்பிக்கின்றது. 1884ஆம் ஆண்டில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதையை அமைத்தனர். எனினும், சக்கர நாற்காலியில் செல்வோர் மணலைக் கடந்து அலையருகே செல்லும் பேறு 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே வாய்த்தது. ஏறத்தாழ 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை ஒன்று அவர்க்கெனத் திறக்கப்பெற்றது. இரு வாரத்துள் வந்த மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பெற்றது. ஒரு பாதையை அமைத்தல் ஒரு நாள் விழா. அதனைப் பேணுதல் என்றும் உள்ள கடமை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

நடைபாதையும் அதன் குறைகளும்

நடைபாதை எத்தன்மையதாதல் வேண்டும்? இந்தியச் சாலைப் பேரவை 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, தடையின்றி நடத்தற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும்; நடைபாதையின் உயரம் சாலை மட்டத்தினின்று 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. இவ்வளவுகளுக்குக் காரணம் உண்டு. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று கடத்தற்கு அவ்வகலம் வேண்டும். பாதை மிக உயர்ந்தால் முதியோர் அதில் ஏறாது சாலையிலேயே நடப்பர். வீட்டு வாயில்தோறும் நடைபாதையைத் தாழ்த்தி உயர்த்தினால், நடப்பவர் அலைமேற் படகெனத் தத்தளிப்பர்.

எம் விடுதியினின்று பேருந்து நிற்குமிடம் செல்லும் வழியில் சென்ற ஆண்டு புதிய நடைபாதை ஒன்று போடப்பெற்றது. யாமும் எம் தோழரும் மகிழ்ந்தோம். சில திங்களுள், குழாய் பதித்தற் பொருட்டு வேறோர் அலுவலகத்தார் அதனை வெட்டினர். மூடிய மண் மழையில் அமிழ்ந்தது. இன்றும் மாணவர் அவ்விடத்தில் சாலையில் இறங்கியே நடக்கின்றனர். குழாய்க்கும் கம்பிக்கும் முதலிலேயே நிலத்தடியில் வழி வகுத்து, அதன்பின் மேலே கல் பரப்புதலே முறை. பூமிக்குள் திட்டமின்றேல் பூமிமேல் அழகு நில்லாது.

நடைபாதை வணிகரைப் பற்றியும் ஒரு சொல். அவரைத் துரத்திவிட்டால் வழி தூயதாகும் என்பாரும் உளர். அவரும் அத்தெருவுக்கு உரியரே. 2014ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தெருவோர வணிகர் சட்டம் அவர்தம் பிழைப்பைக் காத்து, விற்கும் இடங்களை வரையறுத்தல் வேண்டும் என்கின்றது. நடப்பதற்குரிய 1.8 மீட்டரை விட்டு, அதற்கப்பால் வணிகர்க்கும் மரங்களுக்கும் இடம் வகுத்தல் அறிவுடைமையாம். பூக்காரியும் பழக்காரியும் அமர்ந்த தெருவில் இரவிலும் அச்சமின்றி நடக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

ஒரு தடையும் விடையும்

சாலையை ஒடுக்கி நடைபாதையை அகற்றினால் நெரிசல் மிகாதோ, கடைக்காரர்க்கு இழப்பு நேராதோ எனச் சிலர் வினவுவர். வினா நேரியதே. ஆயினும் ஒரு கார் நிற்றற்கு ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். அதில் வருவோர் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். அதே இடத்தில் பலர் நிற்கலாம், நடக்கலாம், பொருள் வாங்கலாம். கடைக்குள் நுழைவது கார் அன்று, கால். சாலை சுமப்பது வண்டியையா, மக்களையா என்னும் தெளிவு பிறந்தால் இத்தடை நீங்கும். எனினும், நடைபாதையை அகற்றும் நகராட்சி, பேருந்துகளைப் பெருக்காது விடின் மக்கள் இடர்ப்படுவர் என்பதும் மெய்யே. இரண்டும் ஒருங்கே நடைபெறுதல் வேண்டும்.

தேர்க்காலும் நீதியும்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தால் மாண்டோர் 1,68,491 பேர் என நடுவண் அரசின் அறிக்கை கூறுகின்றது. அவருள் 32,825 பேர் நடந்து சென்றோர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். எண்ணாகக் கேட்கும்போது உள்ளம் மரத்துப்போகும். ஒவ்வொருவர்க்கும் ஓர் இல்லமும், அவ்வில்லத்தில் வாயிலை நோக்கி அமர்ந்திருந்தோரும் உண்டு என எண்ணுங்கால் அஃது உருகும்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் மைந்தன் தேரூர்ந்து சென்றபோது, கன்றொன்று அறியாமல் தேர்க்காலிற் புகுந்து மாண்ட செய்தியைப் பெரியபுராணம் கூறும். இளவரசன் வேண்டுமென்று செய்திலன், அறிந்தும் செய்திலன். ஆயினும் மன்னன் அதனை ஊழ் என்று தள்ளிவிடவில்லை. தன் ஆட்சியில், தன் தெருவில் நேர்ந்த சாவுக்குத் தானே விடை கூற வேண்டியவன் எனக் கருதினான். அவன் செய்த தண்டத்தை இந்நாள் நாம் மேற்கொள்ளோம். அவன் ஏற்ற பொறுப்பை மேற்கொள்ளலாம். 1997ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம், சாலையில் எவரும் சாதலாகாது என்பதைக் குறிக்கோளாக ஏற்றது. மாந்தர் தவறுவது இயல்பு, அத்தவறு சாவாக முடியாவண்ணம் சாலையை அமைத்தல் அமைப்போர் கடன் என்பது அதன் உட்கருத்து. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையுள் அடங்கும் எனக் கூறியது. எனவே நல்ல நடைபாதை நகராட்சி நல்கும் கொடையன்று, குடிகளின் உரிமை.

இனி மாணவராகிய நாம் செய்யத்தக்கது யாது? கல்லூரியைச் சூழ்ந்த சந்திகளில் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு, அதன் அகலத்தை அளந்து, விளக்கு எரியும் நொடிகளை எண்ணி, முதியவர் கடக்க எத்துணை நேரம் ஆகின்றது என்பதைக் குறித்து, அக்குறிப்பை மாநகராட்சி உறுப்பினரிடம் சேர்ப்பிக்கலாம். அளவு நாடாவும் கடிகாரமும் பொறுமையும் இதற்குப் போதும். நம்முள் நாளை பொறியாளராவோரும் அலுவலராவோரும் உளர். அவர் தம் மேசைமேல் சாலையின் வரைபடத்தை விரிக்கும்போது, வண்டியின் விரைவைக் கணிக்குமுன், அச்சாலையை மெல்லக் கடக்கும் ஒருவரை நினைப்பாராக. அவர் அச்சமின்றிக் கடக்கும் சந்தியே திருந்திய சந்தியாம்.