கூறியது கூறல்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ என்பதும் ஒன்று என நன்னூல் வகுப்பில் படித்திருக்கிறோம். அக்குற்றத்தைத் தெரிந்தே செய்த ஓர் இசைக்குழுவைப் பற்றி எழுத விரும்புகிறேன். டென்மார்க் நாட்டைச் சார்ந்தது, பெயர் ‘மியூ’. மாற்று ராக் என்னும் வகையில் அதனைச் சேர்ப்பர்.

1995 இல் கோபன்ஹேகனை அடுத்த ஹெல்லரப்பில் நான்கு இளைஞர்கள் இதனைத் தொடங்கினர். யோனாஸ் பியெரே பாடினார். பூ மாட்ஸன் கிதாரும், யோஹான் வோலெர்ட் பேஸ் கிதாரும், சிலாஸ் யோர்கன்சன் டிரம்ஸும் வாசித்தனர். ராக் என்றாலே தொண்டை கிழியக் கத்துவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பியெரேயின் குரலோ ஒரு சிறுவனுடையதைப் போல் மெலிந்து உயர்ந்து செல்வது.

தாய்மொழி டேனிஷ் ஆயினும் ஆங்கிலத்திலேயே பாடினர். 1997 இல் ‘எ ட்ரையம்ப் ஃபார் மேன்’ என்ற முதல் தொகுப்பு டென்மார்க்கில் வெளிவந்தது. 2000 இல் இரண்டாவதைத் தாமே நடத்திய நிறுவனத்தின் வழியாக வெளியிட்டனர். ‘பாதி உலகம் என்னைப் பார்க்கிறது’ என்று பொருள்படும் பெயர் அதற்கு! பார்த்ததென்னவோ டென்மார்க் மட்டுந்தான்.

2003 இல் சோனி நிறுவனத்தின் வாயிலாக ‘ஃப்ரெஞ்சர்ஸ்’ வந்தது. நண்பர், அந்நியர் என்னும் பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி அவர்களே ஆக்கிய சொல் இது. முழு நண்பருமல்லர், முழு அயலாருமல்லர் என்பது கருத்து. இதில் பத்துப் பாடல்கள். அவற்றுள் ஆறு, முந்தைய இரண்டு தொகுப்புகளிலும் இருந்தவையே! ‘ஷி கேம் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்’ 1997 இலேயே வந்த பாட்டு.

“சரக்குத் தீர்ந்துவிட்டது, பழையதைச் சூடாக்கிப் பரிமாறுகிறார்கள்” என்றான் விடுதி நண்பன். அவனுக்கு விடை சொல்ல வேண்டி, இரு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பல இரவுகள் கேட்டேன். ‘கம்ஃபர்ட்டிங் சவுண்ட்ஸ்’ என்னும் பாட்டு ஏறத்தாழ ஒன்பது நிமிடம். முதலில் கிதாரும் அடங்கிய குரலும் மட்டுமே. பாதிக்கு மேல் சொற்கள் நின்றுவிடுகின்றன; ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது; ஒவ்வொரு முறையும் மேலும் சில கருவிகள் வந்து சேர, அது வெள்ளம்போல் பெருகுகிறது. பாட்டே கூறியது கூறலால் ஆனது! நன்னூலார் குற்றமென்றது பொருள் வளராத மறுகூற்றை என்றே நான் கொள்கிறேன். முன்னர்க் கேளாதவர்க்காக, கை தேர்ந்தபின் மீண்டும் சொல்வது வேறு. ஆசிரியப் பெருமக்கள் மறுக்கலாம்.

2005 தொகுப்பில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியின்றி ஒரே நெடும்பாட்டாகத் தொடுத்தனர். 2006 இல் தந்தையாகவிருந்த வோலெர்ட் விலகினார். 2009 தொகுப்பு மூவரால் ஆனது. 2015 தொகுப்பிற்கு அவர் திரும்பினார். அவ்வாண்டே மாட்ஸன் பிரிந்தார். 2017 இல் ‘விஷுவல்ஸ்’ வந்தது.

இதற்கிடையே, 2006 இல் அந்த முதல் தொகுப்பு மறுபடி வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு இரண்டாவதும் வந்தது. இரண்டாம் முறை கூறியதைக் கேட்டவர்கள் முதல் முறை கூறியதைத் தேடிப் போயிருக்கிறார்கள். விடுதி நண்பன் இப்போது 1997 வடிவமே சிறந்தது என்று என்னோடு வாதிடுகிறான்.