மாத்திரையைக் கூட்டியதும் கிறக்கமா?

"டோஸக் கூட்டிட்டாங்கன்னா நோவு முத்திட்டுன்னுதானே அர்த்தம்?"

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில், பத்தமடையானாலும் பாளையங்கோட்டையானாலும், முதலில் எழும் கேள்வி இது. அப்படி இல்லை. இந்த மாத்திரைகளை டாக்டர்கள் வேண்டுமென்றேதான் குறைவாகத் தொடங்குகிறார்கள். எஸ்சிட்டலோபிராம் என்றால் 5 அல்லது 10 மில்லிகிராம், செர்ட்ராலின் என்றால் 25 அல்லது 50. வயிறும் தலையும் பழகிய பிறகு, தேவைப்பட்டால் கூட்டுவார்கள். பலருக்குத் தொடங்கிய அளவே போதுமானதாக இருந்துவிடும்.

"எல்லாம் தூக்க மாத்திரைதான், ஆள மயக்கிப் போட்டுருவாங்க."

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமிட்ரிப்டிலின், மிர்டாசபைன் இரண்டும் மூளையில் ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கின்றன. அரிப்புக்கு அவில் போட்டால் கண் சொக்குகிறதே, அதே காரணம்தான். அமிட்ரிப்டிலினைக் கூட்டினால் மந்தமும் கூடலாம். அதனால்தான் அதை இரவில் போடச் சொல்கிறார்கள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸ்டின் வகை அப்படியல்ல. ஒருவருக்குக் கண்ணைச் சுழற்றும், இன்னொருவருக்கு வந்த தூக்கத்தையும் விரட்டும். மாத்திரையைக் காலையில் போடுவதா ராத்திரியிலா என்பதை, நமக்கு எது நடக்கிறது என்று டாக்டரிடம் சொல்லித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, எஸ்சிட்டலோபிராம் போடுகிறவர் விடிந்து வெகுநேரமாகியும் பாயை விட்டு எழவில்லை என்றால்? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊர் மெடிக்கல்களில் எஸ்சிட்டலோபிராமோடு குளோனாசெபாமையும் ஒரே வில்லையில் சேர்த்த பிராண்டுகள் ஏராளம். பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் 'பிளஸ்' என்று ஒரு வால் இருக்கும். பின்பக்கப் பொடி எழுத்தில் 'குளோனாசெபாம் 0.5 மி.கி.' என்று போட்டிருக்கும். ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போடும்போது மனச்சோர்வு மருந்து மட்டுமா இரட்டிக்கிறது? குளோனாசெபாமும் சேர்ந்து இரட்டிக்கிறது. உடம்பில் அது பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆவதால், நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையது ஏறும். ஊர் சொல்லும் 'தூக்க மாத்திரை' பெரும்பாலும் இந்தக் கூட்டாளிதான். நாள்பட்டால் பழகிவிடுவதும் இதுதான். அதற்காகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்புகூட வரலாம். கூட்டும்போது குளோனாசெபாம் இல்லாத தனி மாத்திரையாகத் தர முடியுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். நியாயமான கேள்விதான்.

"ஒரு வாரம் போட்டும் ஒண்ணும் கேக்கல, கிறக்கம்தான் மிச்சம்."

பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். கூட்டிய எஸ்சிட்டலோபிராம் ரத்தத்தில் ஒரு நிலைக்கு வரவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். குமட்டல், தலைவலி, மந்தம், வயிற்றோட்டம் எல்லாம் முதலில் வந்து, பலருக்கு ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். மனசு தெளிவது மெதுவாக, சில வாரங்கள் கழித்துத்தான். தொல்லை முந்திக்கொள்ளும், பலன் பிந்தும். தாமாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுரீரென்று மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு வரக்கூடும். தாம்பத்திய ஆசை குறைவது மட்டும் தானாகப் போகாமல் நீடிக்கலாம். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள்தான் அதிகம். சொன்னால் மருந்தை மாற்ற வழியுண்டு.

டோஸைக் கூட்டிய முதல் நாட்களில், பாய் நெய்யும் பத்தமடைக்கென்று ஒரு எச்சரிக்கை. கோரையைக் கீறும் கத்தியும் சாயம் கொதிக்கும் பாத்திரமும் அரைக்கண் தூக்கத்தில் தொடக்கூடியவை அல்ல. சேரன்மகாதேவி ரோட்டில் பைக்கும் அப்படித்தான். இந்த மாத்திரையோடு மது சேர்ந்தால் மந்தம் இன்னும் ஏறும். இருமல் மருந்தோ வலி மாத்திரையோ வாங்கும்போதும் மெடிக்கலில் சொல்லிவிடுங்கள். டிரமடால் போன்ற சில இந்த மருந்துகளோடு ஒத்துப்போகாது.

மந்தத்தைப் பொறுத்திருந்து பார்க்கலாம். பொறுக்கக் கூடாதவை வேறு: உட்கார முடியாத பரபரப்பு, தூக்கமே இல்லாத அளவுமீறிய உற்சாகம், காய்ச்சலோடு நடுக்கமும் குழப்பமும், முதியவர்களுக்குத் திடீர்த் தடுமாற்றம் (சோடியம் குறைந்திருக்கலாம்), சிறுநீர் அடைப்பு. தற்கொலை எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ, குறிப்பாக 25 வயதுக்குக் கீழே, அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

"மாத்திரை எதுக்கு, மூச்சுப்பயிற்சி பண்ணினா போதும்."

சுவாமி சிவானந்தர் பிறந்த ஊரில் இப்படிச் சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். 1887ல் பத்தமடையில் பிறந்த அவர் மலாயாவில் டாக்டராக வேலை பார்த்தவர். துறவியான பின்னும் 1927ல் ரிஷிகேஷ் அருகே லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தியவர். யோகமும் மருந்தும் அவருக்குப் பகையாகத் தெரியவில்லை. ஆசைப்படுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்யலாம். அமிட்ரிப்டிலின் போடுகிறவர்கள் மட்டும் குனிந்து நிமிரும் ஆசனங்களில் நிதானமாக எழ வேண்டும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும்.