பிறந்த கணினியைக் கைவிட்ட லினக்ஸ்

1991ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இளைஞர், தாம் புதிதாக வாங்கிய கணினிக்காக ஓர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அக்கணினியில் இருந்தது இன்டெல் நிறுவனத்தின் 386 நுண்செயலி. அவ்வாறு பிறந்த லினக்ஸ் இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் அடித்தளமாக விளங்குகிறது. ஆனால், அது பிறந்த கணினியில் இன்றைய லினக்ஸ் இயங்காது.

2012 டிசம்பரில், 386க்கான ஆதரவை நீக்கிவிடலாம் என்று லினக்ஸ் நிரலாளர்கள் முன்மொழிந்தனர். டோர்வால்ட்ஸ் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். நன்றி மறந்த செயலா இது? அப்படிச் சொல்லிவிட முடியாது. பின்னர் வந்த 486 நுண்செயலியில் உள்ள சில கட்டளைகள் 386இல் இல்லை. நினைவகத்தில் உள்ள ஒரு மதிப்பை ஒப்பிட்டு, ஒரே செயலில் மாற்றிவிடும் கட்டளை அவற்றுள் ஒன்று. அதனால், 386க்கென்று தனி நிரல் எழுதி வைத்திருந்தனர். புதிய கணினிகளுக்காக ஒன்றை மாற்றும்போதெல்லாம் அந்தப் பழைய நிரலையும் திருத்த வேண்டியிருந்தது. எங்கோ ஒருவரின் பழைய கணினி இயங்க, வேறொருவர் தம் நேரத்தைச் செலவிட வேண்டும். ஆதரவு என்பது அந்த உழைப்புதான். 2013இல் வெளிவந்த லினக்ஸ் 3.8ஆம் பதிப்போடு 386 விடைபெற்றது.

விண்டோஸ் 10இன் கதை வேறு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் குறிப்பிட்ட சில நுண்செயலிகளையும் கேட்கிறது. 2016இல் வாங்கிய கணினி இன்னும் விரைவாகவே இயங்கலாம். ஆயினும், அத்தகையவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆதரவு முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடுவதில்லை. எனினும், நீட்டிப்புத் திட்டத்தில் சேராதவர்களின் கணினிகளில், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருக்கும். நல்ல நிலையில் உள்ள பொருளைக் குப்பையில் போடுவதா, ஆபத்தோடு பயன்படுத்துவதா என்னும் சிக்கல் உரிமையாளருக்கு எழுகிறது.

இரண்டுக்கும் மனம் வராத சிலர், அதே கணினியில் லினக்ஸை நிறுவிக்கொள்கின்றனர். 386ஐ அனுப்பிவைத்த லினக்ஸ், விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளுக்கு இடம் கொடுக்கிறது. அங்கும் வயது வரம்பு உண்டு. லினக்ஸ் வகைகளுள் புகழ்பெற்ற டெபியனின் 13ஆம் பதிப்பு, 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. பழைய 32 பிட் கணினிகளில் அதை நிறுவுவதற்கான கோப்பு வழங்கப்படவில்லை.