வழி மறந்த தேனீ



"படிச்சதெல்லாம் மறந்து போச்சு சார்!" என்று நாம் சொல்வோம். தேனீக்கும் மறதி வரும், தெரியுமா? அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தேனீயின் மூளை கடுகளவுதான். அதில் சுமார் 10 லட்சம் நரம்பு செல்கள் உள்ளன. இதை வைத்தே பூவின் மணம், நிறம், கூட்டுக்குத் திரும்பும் வழி எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது. கூட்டுக்கு வந்து நடனம் ஆடி மற்ற தேனீக்களுக்கும் வழி சொல்லும். இந்த நடனத்தின் பொருளைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-ல் நோபல் பரிசு பெற்றார்.

இதன் எதிரி வரோவா உண்ணி. எள்ளைவிடச் சின்னது! கூட்டுப்புழு வளரும் அறைக்குள் புகுந்து முட்டை போடும். புழுவின் உடம்பை உறிஞ்சும். கூடவே, சிறகைச் சுருங்க வைக்கும் ஒரு வைரஸையும் பரப்பும். நம் இந்தியத் தேனீ இந்த உண்ணியைத் தட்டிவிடப் பழகியது. இத்தாலியத் தேனீக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

இந்த வைரஸ் மூளையை என்ன செய்யும்? 2007-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், தேனீக்களுக்கு இதை ஊசியால் செலுத்திச் சோதித்தார்கள். முதலில் ஒரு மணம், உடனே சர்க்கரைத் தண்ணீர். இப்படிச் சில தடவை செய்தால், நல்ல தேனீ மணம் வந்ததுமே நாக்கை நீட்டும். "தண்ணீர் வரப்போகுது" என்று அதற்குத் தெரிந்துவிடும்! வைரஸ் உள்ள தேனீக்கு சர்க்கரை நன்றாகத் தெரிந்தது. ஆனால் மணத்தோடு சேர்த்துக் கற்பதும் நினைவில் வைப்பதும் குறைந்துவிட்டது.

ஒரு தேனீ மறந்தால் அதற்கு மட்டும் நஷ்டம் இல்லை. கூட்டில் உள்ள புழுக்களுக்கும் அது கொண்டு வரும் சாப்பாடுதானே!

பாவம், அந்தத் தேனீயை சோம்பேறின்னு திட்ட முடியுமா? உடம்புக்குள் நோய் இருக்கிறதே! இதைப் படித்ததும் எனக்கு நம் வயிற்றுப் புழு ஞாபகம் வந்தது. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி சோகையை உண்டாக்கும். சோகை வந்தால் களைப்பு வரும், பாடத்தில் கவனம் குறையும்.

ஒரு உண்மை சொல்லட்டுமா? பள்ளியில் கொடுத்த குடற்புழு மாத்திரையை நான் ஜன்னல் வழியா வீசியிருக்கேன். இனி வீச மாட்டேன், மென்று தின்பேன். நீங்களும் வீசாதீங்க. வகுப்பில் யாராவது அடிக்கடி மறந்தால், சிரிக்கறதுக்கு முன்னாடி "உடம்பு சரியில்லையா?"ன்னு கேளுங்க.