முதலில் காது, பிறகு பேனா

லூமுட், மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டைப் பற்றி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய கட்டுரையைப் பங்கோர் ஃபெரிக்குக் காத்திருந்தபோது இரண்டு முறை படித்தேன். ‘சூப்பர்’ என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. எதனால் சூப்பர் என்று ஓரிடத்திலும் இல்லை.

இசையைப் பற்றி எழுதியவர்களில், 1917இல் பிறந்த இருவரைச் சொல்கிறேன். ஒருவர் அமெரிக்கரான ரால்ஃப் கிளீசன். 1950 முதல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் ஜாஸ் இசையைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியவர். ஜாஸ் ரசிகர்கள் பலர் ராக் இசையை வெறும் இரைச்சல் என்று தள்ளிய காலத்தில், இவர் இளைஞர்கள் ஆடிய மண்டபங்களுக்கே போய்க் கேட்டார். 1967இல், தம் ஐம்பதாம் வயதில், 21 வயது ஜான் வென்னரோடு சேர்ந்து ரோலிங் ஸ்டோன் இதழைத் தொடங்கினார்.

இன்னொருவர் நம்மவர், சுப்புடு. இயற்பெயர் பி. வி. சுப்பிரமணியம். நம்மைப் போலவே கடல் கடந்த மண்ணில், பர்மாவில் இருந்தவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் நடந்தே இந்தியா போய்ச் சேர்ந்தார். டில்லியில் நிதியமைச்சில் வேலை பார்த்தபடியே கச்சேரி விமர்சனம் எழுதினார். பாடியவர் எத்தனை பெரிய வித்வானாக இருந்தாலும் குறையைக் குறையென்றே எழுதினார். கோபித்தவர்கள் உண்டு, ஆனாலும் மறுநாள் அவர் எழுதியதைத் தேடிப் படித்தார்கள். 2007இல் மறைந்தார்.

புதியதைக் கேட்காமல் தள்ளாதே என்பது கிளீசன் வாழ்க்கை. பெரிய பேருக்குப் பயந்து எழுதாதே என்பது சுப்புடு வாழ்க்கை. இரண்டுக்கும் காதுதான் மூலதனம்.

உனக்கொரு பயிற்சி தருகிறேன். ‘நிழல்கள்’ படத்தில் 1980இல் இளையராஜா இசையில் எஸ்பிபி பாடிய ‘மடை திறந்து’ பாட்டையும், 2006இல் நம் நாட்டு யோகி பி, நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ ஆல்பத்தில் அதை ராப் ஆக்கியதையும் அடுத்தடுத்துக் கேள். முதல் தடவை தாளத்தை மட்டும் கவனி. இரண்டாம் தடவை குரலை. மூன்றாம் தடவை சொற்களை. பழைய மெட்டு எங்கே நிற்கிறது, எங்கே ராப் அதைத் தாண்டிப் போகிறது என்று நோட்டில் குறித்து வை.

அந்த ராப் வந்த புதிதில், “நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்” என்று பாதியிலேயே நிறுத்தியவன் நான். பிறகொரு நாள் ஈப்போ பேருந்தில் முழுதாகக் கேட்டேன். பழைய பாட்டின் மேல் அவர்களுக்கிருந்த பாசம் அப்போதுதான் கேட்டது. கேட்காமலே தீர்ப்புச் சொன்னது தவறு. அந்தத் தவறு உனக்கு வேண்டாம்.

அடுத்த கடிதத்தில் நல்லது, கெட்டது எதுவும் எழுதாதே. உன் காதில் விழுந்ததை மட்டும் எழுதி அனுப்பு. அதைப் படித்து நானே அந்தப் பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்டேன் என்றால், நீ எழுதத் தொடங்கிவிட்டாய் என்று அர்த்தம்.

அன்புடன்,
அண்ணன்