குழந்தைப்பேற்றுச் சிகிச்சை: கையொப்பமிடும் முன் இஸ்லாமியத் தம்பதியர் அறிய வேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலிருந்து குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வரும் இஸ்லாமியத் தம்பதியர், "இது மார்க்கத்தில் கூடுமா, டாக்டர்?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. மார்க்கத் தீர்ப்புக் கூறுவது ஆலிம்களின் பணி. ஆயினும், அவர்களிடம் சரியான கேள்வியை வைப்பதற்கு ஏற்ப, சிகிச்சையில் என்ன நிகழ்கிறது என்பதை விளக்குவது எங்கள் கடமை.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978இல் இங்கிலாந்தில் பிறந்தது. 1980 மார்ச்சிலேயே எகிப்தின் அல்-அஸ்ஹரிலிருந்து ஒரு ஃபத்வா வெளிவந்தது. திருமண பந்தம் நீடிக்கும் காலத்தில், கணவரின் விந்தணுவையும் மனைவியின் கருமுட்டையையும் இணைத்து, அம்மனைவியின் கருப்பையிலேயே வைப்பது கூடும். மூன்றாம் நபரின் அணு கலக்கக் கூடாது என்பது அதன் சாரம். நஸப் எனப்படும் வம்சாவளி ஐயத்திற்கு இடமின்றி இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. சுன்னி அறிஞர்களில் பெரும்பாலோர் இக்கருத்தினர். ஷியா அறிஞர்களிடையே வேறு கருத்துகளும் உண்டு.

நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கொடையாளரின் அணுக்களைப் பயன்படுத்த அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. எழுத்துமூல ஒப்புதல் இன்றிச் சிகிச்சை செய்யலாகாது என்பதும் அதே சட்டமே. எனவே "எங்கள் இருவரின் அணுக்கள் மட்டுமே" என்பது உங்கள் முடிவானால், தொடக்கத்திலேயே கூறிப் படிவத்தில் பதியச் செய்யுங்கள்.

இம்முடிவை எடுத்தோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். விந்தில் அணுக்களே இல்லையெனினும், சிலருக்கு விரையிலிருந்து அணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்தும் 'இக்ஸி' முறை பயன்படும். பெண்ணுக்கு 35 வயதுக்குப் பின் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. கொடைமுட்டையை ஏற்காதவர்களுக்கு மாற்று வழி குறைவு. ஆகவே கணவன், மனைவி இருவரும் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது.

அடுத்தது, எஞ்சிய கருக்களை உறைநிலையில் காப்பது. சட்டப்படி 10 ஆண்டுகள் வரை காக்கலாம். இருவரில் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ அவற்றை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். கணவர் இறந்தபின் திருமண பந்தம் முடிவதால், அக்கருவைப் பயன்படுத்தலாகாது என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. பேசுவதற்கே கூசும் இக்கேள்வியைப் படிக்காமல் கையொப்பமிடுவோர் உண்டு. பின்னாளில் துயரத்தில் இருக்கும் ஒருவர் அம்முடிவைத் தனியே சுமக்க நேரிடும். படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள், இருவரும் பேசுங்கள், ஆலிமிடமும் கேளுங்கள். கருவைக் கருப்பையில் வைக்கும் முன்னர் ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

ரமளான் நோன்பு, பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும் என்னும் விருப்பம், விந்து மாதிரி தரும் முறை பற்றிய தயக்கம் ஆகியவற்றையும் கூச்சமின்றிக் கூறுங்கள். ஊசிகள் தொடங்கியபின் கருமுட்டை எடுக்கும் நாளை விருப்பம்போல் மாற்ற இயலாது. தொடங்கும் மாதத்தைப் பெரும்பாலும் மாற்றலாம்.

எச்சிகிச்சையும் குழந்தையை உறுதியளிப்பதில்லை. உங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாத எதுவும் உங்கள் அறிவின்றி நிகழாது என்பதை உறுதிசெய்ய முடியும். அது உங்கள் உரிமை, எங்கள் பொறுப்பு.