சீசன் வந்தாச்சு, சைக்கிளை மேற்கே திருப்புங்கள்

ஆனி முடிந்து ஆடி பிறக்கிற நாட்கள் இவை. தென்காசி டவுனில் வெயிலும் சாரலும் மாறி மாறி வருகின்றன. குற்றாலத்தில் மலையின் மேல்பாதியை மேகம் மூடிக்கொண்டிருக்கிறது. மற்ற ஊர்களுக்கு ஏப்ரலும் மேயும் கோடைக் கொண்டாட்டம் என்றால், நமக்கு அந்த மாதங்களில் அருவிப் பாறை காய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் நம் கோடை களைகட்டும். அது இப்போது வந்துவிட்டது.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தே கிலோமீட்டர். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கார்களும் வேன்களும் அந்தச் சாலையை அடைத்துக்கொள்கின்றன. வண்டியை நிறுத்த இடம் தேடியே பாதிப் பகல் போய்விடுகிறது. இவ்வளவு குறைந்த தூரத்துக்கு, இவ்வளவு குளுமையான பருவத்தில், சைக்கிளை விடச் சிறந்த வாகனம் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும் சைக்கிளை, பிளஸ் ஒன்னில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிளாக இருந்தாலும் சரி, இன்றே வெளியே எடுங்கள். தெருவில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பக்கத்து வீட்டு மாமா என்று வயது கலந்த கூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் இருந்தால் சின்னவர்கள் வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள்.

கிளம்புவதற்கு முன் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மேட்டை விடக் காற்றுதான் பெரிய விஷயம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் மலைக்கு நடுவே ஒரு வாசல்போலத் திறந்து கிடக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்த்த தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து, மிச்ச ஈரத்தைச் சாரலாக நம் மேல் தெளித்துவிட்டுக் கிழக்கே பாய்கிறது. காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் உள்ளே போகிறவரை எதிர்த்துத் தள்ளுகிறதே, அந்தக் காற்றுதான். சுரண்டை, கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான். காலையில் அது அடங்கியிருக்கும். தரை சூடேறிய பிறகு, முற்பகலிலிருந்து வலுத்துக்கொண்டே போகும்.

ஆகவே இந்தப் பருவத்துக்கு ஒரே கணக்கு போதும்: விடிந்ததும் மேற்கே போங்கள், பிற்பகலில் கிழக்கே திரும்புங்கள். போகும்போது எதிர்க்காற்று பலவீனமாக இருக்கும், கால்களும் புதிதாக இருக்கும். அருவியில் குளித்து அலுத்துத் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பத்து மணிக்குச் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் போகும்போதே வலுத்த எதிர்க்காற்றில் சிரமப்படுவார்கள். எதிர்க்காற்றில் போகும்போது ஒருவர் பின் ஒருவராகப் போனால் பின்னால் வருகிறவருக்குச் சுமை நன்றாகக் குறையும். முன்னால் போகிறவர் களைத்ததும் ஒதுங்கி வால்பக்கம் வந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கடைசியில் விடாதீர்கள், நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வெறும் குற்றாலம் போதும். வழியில் மேலகரம் வரும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு மிதியுங்கள். அந்த நூலில் வரும் மலையும் மேகமும் கண் முன்னே இருக்கும்போது சொல்வதற்கு ஈடே இல்லை. பேரருவியில் குளித்து முடித்து, ஈரம் துவட்டி, உடை மாற்றிய பிறகு சித்திர சபைக்குப் போங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று அது. சுவர் முழுவதும் மூலிகை வண்ண ஓவியங்கள். ஈரத் துணியோடு சுவரில் சாய்வதும் ஓவியத்தைக் கையால் தடவிப் பார்ப்பதும் அவற்றைக் கொல்லும் வேலை. பிள்ளைகளை வாசலிலேயே எச்சரித்துக் கூட்டிப் போங்கள்.

இரண்டாம் நாள் ஐந்தருவி. பேரருவியிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர், மரநிழல் நிறைந்த சாலை. வழியில் வெண்ணமடைக் குளத்தில் படகு விடுகிறார்கள். ஐந்தருவிக்குப் பக்கத்தில் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. குளியலை மட்டும் நம்பிப் போகாமல் இவற்றையும் கணக்கில் வைத்துக்கொண்டால் அருவியில் தடை போட்டாலும் நாள் வீணாகாது. திரும்பும்போது இலஞ்சி வழியாக வாருங்கள். குமரன் கோயிலைப் பார்த்துக்கொண்டு, கார் நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே வரலாம். டிராக்டர் ஏறி இறங்கிய இடங்களில் சாலையில் சேறு வழுக்கும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கொஞ்சம் தெம்புள்ளவர்கள் செங்கோட்டை வழியாகக் குண்டாறு அணைக்குப் போகலாம். முப்பத்தாறு அடி உயரமே உள்ள சின்ன அணை என்பதால் நல்ல சாரல் இருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். அதற்கு மேலே ஜீப் ஏறும் பாதையில் சைக்கிளை விடாதீர்கள். செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலையருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பொறித்த நுழைவாயிலையும் காட்டுங்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் அந்தப் பக்கம் இருந்தது என்பதை அந்த வாயில் சொல்லும். தெற்கே போக ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய குற்றாலமும் அதைத் தாண்டி மத்தளம்பாறையும் உண்டு. ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு கிராமத்துச் சாலையில் சைக்கிளில் போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த ஊர்ப் பக்கம்தான்.

செங்கோட்டைக்கு மேற்கே புளியரையைத் தாண்ட வேண்டாம். கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் கல்லும் மணலும் ஏற்றிய கனரக லாரிகள் இடைவிடாமல் போகின்றன, வளைவுகள் குறுகல், ஒதுங்கச் சாலையோரம் கிடையாது. பக்கக்காற்று ஒரு தள்ளு தள்ளினால் சைக்கிள் ஒரு முழம் நகர்ந்துவிடும். பக்கத்தில் லாரி இருக்கும்போது அந்த ஒரு முழம்தான் உயிர்.

மேற்கே போகும் கணக்குக்கு விலக்கு ஒன்று உண்டு: சுந்தரபாண்டியபுரம். ‘ரோஜா’ படம் எடுத்த ஊர். ஆடியில் அங்கே சூரியகாந்தி பூக்கிறது. தென்காசியிலிருந்து வடகிழக்கே சுமார் பத்து கிலோமீட்டர் என்பதால் போகும்போது காற்று உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும், திரும்பும்போது பழி தீர்க்கும். விடியற்காலையில் போய், காற்று வலுக்கும் முன், ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஒரு விஷயத்தை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பூ ஒரு விவசாயியின் எண்ணெய் வித்து. விற்றால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். படம் எடுக்க வயலுக்குள் இறங்கி மிதித்து, செடியை ஒடித்து, பூவில் முகம் செதுக்கிவிட்டு வருகிற கூட்டம் வருடா வருடம் பெருகுகிறது. வரப்பில் நின்று பாருங்கள். உள்ளே போக அவர் காசு கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், அல்லது வெளியிலேயே நின்றுகொள்ளுங்கள்.

இனி அருவி. இதில் எவ்வளவு கண்டிப்பாகச் சொன்னாலும் தகும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. குளித்துக்கொண்டிருந்த இடத்தில் நிமிடங்களில் நிலைமை மாறிவிட்டது. கீழே வெயில் அடிக்கும்; மேலே காட்டுக்குள் மழை கொட்டும்; அது நம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கிச் சிவந்தாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் சட்டென்று கனத்தாலோ, யாரும் சொல்லும் வரை காத்திருக்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீசார் தடை போடுவார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், ஓரமாக ஒரு சொம்பு மொண்டு ஊற்றிக்கொள்கிறேன் என்றும் கெஞ்ச வேண்டாம். செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் காட்டுவழி நடந்து போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு அருவியில் தடை. வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து இங்கே கழுவுவதும் அதே குற்றம்தான், அந்தத் தண்ணீர் சிற்றாறாகப் போய் கீழே பாசனத்துக்கும் குடிநீருக்கும் சேர்கிறது.

சைக்கிளைக் கடையில் விட்டு ஓவராயில் பண்ணிவிடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றாமல் சாரலில் இறங்காதீர்கள். ரிம் நனைந்திருக்கும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றும் வரை கட்டை தண்ணீரைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கும், பிறகே பிடிக்கும். அதனால் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாக அழுத்தி ரிம்மைக் காயவைத்து, அப்புறம் இறுக்குங்கள். முன் பிரேக்கை மட்டும் சடக்கென்று பிடிக்காதீர்கள். பண்பொழி திருமலைக் கோயில் மலைச்சாலையில் இறங்குகிறவர்கள் இதைக் கீழே சமவெளியில் பழகிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். சாரல் கனமாக இருந்தால் இறங்கும்போது தள்ளிக்கொண்டே வாருங்கள். மழை விழ ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள்தான் சாலை மிக மோசமாக வழுக்கும், வண்டிகள் சிந்திய எண்ணெய் தண்ணீரில் மிதந்து வருவதால். அந்த நேரம் ஒரு டீக்கடையில் ஒதுங்குங்கள். குடை பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். காற்றில் படபடக்கும் பெரிய மழைக்கோட்டும் துப்பட்டாவும் செயினிலோ கம்பியிலோ சிக்கும். உடம்போடு ஒட்டிய மேல்சட்டை போதும். முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். மேகம் மூடினால் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

குற்றாலத்தில் சைக்கிளைப் பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல் பிரேமோடு சேர்த்து ஒரு கம்பத்தில் பூட்டுங்கள். கேரியரில் தின்பண்டப் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் ஜிப்பைத் திறக்கக் கற்றிருக்கின்றன. குளித்த பிறகு பசி கடுமையாக எடுக்கும். ரம்புட்டானும் மங்குஸ்தானும் வந்திருக்கின்றன, வாங்குங்கள். பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் யாருக்குத்தான் பிடிக்காது? அதைக் கிழக்கே திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய பரோட்டாவோடு எதிர்க்காற்றில் மிதிப்பது கொடுமை.

சென்னையிலிருந்து நண்பர்களை அழைத்திருந்தால் பொதிகை எக்ஸ்பிரஸில் வரச் சொல்லுங்கள். சைக்கிளைப் பார்சலில் போடுவதானால் எழும்பூரில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இறக்குவதைத் தென்காசியில் வைக்காமல் செங்கோட்டையில் வைத்துக்கொண்டால் வண்டி அங்கேயே முடிவதால் பதற்றம் இருக்காது. அங்கிருந்து தென்காசி எட்டு கிலோமீட்டர்தான், அதுவும் காற்றோடு. அவர்களைத் திங்கள் முதல் வியாழனுக்குள் வரவையுங்கள். ஆடி அமாவாசையன்று தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் குற்றாலத்தில் சைக்கிள் நுழையாது. சங்கரன்கோவில் ஆடித் தபசு நாளில் அந்தச் சாலைப் பக்கமே போக வேண்டாம். சாரல் திருவிழா தேதி அறிவித்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலை நிகழ்ச்சிக்கு மாலையில் போய், இரவில் பஸ்ஸில் திரும்புங்கள்.

தினமும் வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் சேற்றைக் கழுவி, செயினைப் பழந்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு நாலைந்து சொட்டு எண்ணெய் விடுங்கள். சாரலில் நனைந்த செயினை அப்படியே நிறுத்திவிட்டால் இரண்டே நாளில் துரு ஏறிவிடும். பருவம் முடிய இன்னும் வாரக்கணக்கில் இருக்கிறது.